சாயங்காலக் கை

அவ பேரச் சொல்ல மாட்டேன். மறந்து போச்சுன்னு நெனைக்காதீங்க, நல்லா ஞாபகம் இருக்குது. நான் பேரச் சொல்லி, நீங்க கேட்டுட்டு "அட, நல்ல பேரா இருக்குதே"ன்னு சொல்லிட்டீங்கன்னா அன்னிக்கு எனக்குச் சோறு எறங்காது. அதனால நூல்காரின்னே வெச்சுக்கலாம். எங்க மலையில வளப்பூர் நாட்டுல எங்க தெருவே அவள அப்படித்தான் கூப்புட்டுச்சு. அந்தப் பேர வெச்சவளும் நாந்தான். கேலிக்குத்தான் வெச்சேன். ஊரு அதையே பாசமாக் கூப்புட ஆரம்பிச்சுருச்சு. அவ ராசி அப்படி.

ஊட்டிப் பக்கத்துக்காரி அவ. அவ புருசன் மொளகு யாவாரிகிட்ட லாரி ஓட்டறவரு. எங்கூட்டுக்குப் பக்கத்து ஊடு காலியாக் கெடந்துச்சு, அதுக்குக் குடி வந்தாங்க. சாமான் எறக்கறதப் பாக்க நான் வாசல்லயே நின்னுகிட்டேன், புதுசா வர்றவங்க என்னென்ன வெச்சிருக்காங்கன்னு தெரிஞ்சுக்கணும் பாருங்க. ரெண்டு பொட்டி, ஒரு கேஸ் அடுப்பு, ஒரு கட்டில், ஒரு பெரிய மூட்டை. மூட்டையில அரிசின்னு நெனச்சேன். பக்கத்துல போயி ஒரு அமுக்கு அமுக்கிப் பாத்தா மெத்துன்னு உள்ள போவுது. பூராம் கம்பளி நூலு.

"இதையா ஆக்கித் திங்கப் போற, கண்ணு?"ன்னு கேட்டேன்.

அவ சிரிச்சா. "கையக் குடுங்கக்கா, சொல்றேன்"னா.

நான் குடுக்கல. வந்து எறங்குன மொத நாளே கையக் குடுக்கறதுக்கு நான் என்ன கல்யாணப் பொண்ணா.

அவகிட்ட ஒரு பழக்கம். எதுக்க ஆளு வந்தா நாமெல்லாம் மூஞ்சியப் பாப்போம். அவ கையப் பாப்பா. பேசிகிட்டே இருக்கறப்ப அவ கண்ணு நம்ம கைமேல மேஞ்சுகிட்டே இருக்கும். மொதல்ல மோதரத்தப் பாக்குறாளோ வளையலப் பாக்குறாளோன்னு சந்தேகப்பட்டு நான் கைய முந்தானைக்குள்ள வெச்சுகிட்டேன். அப்பறந்தான் தெரிஞ்சுது, அளவு பாக்குறான்னு.

அவ பின்னுனது கைக்கு மாட்டறது. டவுனுல விக்கற கையொறை மாதிரி அஞ்சு வெரலுக்கும் அஞ்சு குழாய் இருக்காது. கட்டை வெரலுக்கு ஒரு தனி அறை, மத்த நாலு வெரலும் ஒண்ணா ஒரே பையில. தலைக்குப் போடறது குல்லா, அதனால நாங்க இதக் கைக்குல்லான்னோம். எங்க மலையில மார்கழி தை வந்துருச்சுன்னா வெடியால பக்கத்து ஊடு தெரியாது, அப்படிப் பனி எறங்கும். வெரலு நுனியெல்லாம் அடுத்தவங்க வெரலு மாதிரி ஆயிரும். பள்ளிக்கூடத்துக்கு நடக்கற புள்ளைங்க, வண்டியில பின்னால உக்காந்து போறவங்க, செக்போஸ்ட்டு வாச்சுமேன், டீக்கடையில குந்தியிருக்கற கெழவனுங்கன்னு ஒவ்வொருத்தரா அவ வாசலுக்குப் போக ஆரம்பிச்சாங்க.

"ஏன் கண்ணு, வெரலு வெரலாப் பின்னத் தெரியாதா உனக்கு?"ன்னு ஒரு நாளு நோண்டிப் பாத்தேன்.

"தெரியுங்கக்கா. தனித்தனியா வெச்சா ஒவ்வொரு வெரலும் தனியாக் குளுரும். ஒண்ணா வெச்சா ஒண்ணுக்கொண்ணு சூடு குடுத்துக்கும்."

"அப்ப எம்பட மருமவளுகள எல்லாம் ஒரே பையில போட்டுப் பின்னிக் குடு"ன்னேன். அவ அதுக்கும் சிரிச்சா. நான் என்ன குத்துனாலும் சிரிப்பா. திருப்பிக் குத்துனாத்தான எனக்குப் பொழுது போவும்.

அளவெடுக்கறதுல அவ பண்ற கிராக்கி இருக்குதே. யாரு போனாலும் உடனே எடுக்க மாட்டா. எங்க ஊரு ஆளு ஒருத்தரு காட்டுக்குப் போற வழியில வெடியால போயி நின்னு கைய நீட்டுனாரு. தொட்டுப் பாத்துட்டு, "இது காலைக் கை. எனக்குச் சாயங்காலக் கை வேணும், அதக் கொண்டாங்க"ன்னுட்டா. அந்த மனுசன் டீக்கடையில வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. "எனக்கு இருக்கறதே இந்தக் கை தானுங்க, சாயங்காலத்துக்குன்னு வேற கைய நான் எங்க போயி வாங்குவேன்?"

ஆனா அவ சொன்னது நெசம். குளுருல கை சுருங்கிப் போயிருக்கும். பகலெல்லாம் மரவள்ளிக் கெழங்கு புடுங்கி, மண்ணு வெட்டி, மொளகுக் கொடியில ஏணி வெச்சு ஏறி எறங்குனா, பொழுது சாயறப்பக் கை உப்பி நிக்கும். சுருங்குன கைக்குப் பின்னுனா வேலை செஞ்ச கைக்குப் பத்தாது. அதனால எங்க சனம் பூராம் வேலையிலருந்து திரும்பி, கைகாலு கழுவிட்டு, அவ வாசல்ல வரிசையா உக்காந்திருக்கும். கோயில்ல பொங்கலு வாங்கற மாதிரி. நான் எங்கூட்டு வாசல்ல நின்னு அந்த வரிசையப் பாத்துகிட்டே பாத்திரம் வெளக்குவேன். வெளக்குன பாத்திரத்தையே திரும்ப வெளக்குவேன்.

முன்ன அந்த நேரத்துக்கு எங்கூட்டு வாசல்ல தான் கூட்டம் இருக்கும். நான் ஏதாச்சும் நையாண்டி பேசுவேன், அதக் கேக்கறதுக்குன்னு வருவாங்க. அது உங்களுக்குத் தெரியணும்.

கையத் தன்னோட மடியில வெச்சுக்குவா. ஒரு நூல எடுத்து, கட்டை வெரல விட்டுட்டு, உள்ளங்கையச் சுத்தி எலும்பு முட்டி மேல ஒரு சுத்து. இறுக்க மாட்டா, தளத்தவும் மாட்டா. அப்பறம் மணிக்கட்டுலருந்து நடு வெரலு நுனி வரைக்கும். அப்பறம் மணிக்கட்டுலருந்து கட்டை வெரலு பிரியற எடம் வரைக்கும். அப்பறம் கட்டை வெரலு மட்டும் எவ்வளவு நீளம்னு. ஒவ்வொண்ணுக்கும் நூல்ல ஒரு முடிச்சு. ஒரு கை முடிஞ்சா, "இன்னொரு கையக் குடுங்க"ம்பா. "ரெண்டும் ஒண்ணுதானம்மா"ன்னு சொன்னாங்கன்னா, "யாருக்கும் ரெண்டு கையும் ஒண்ணு கெடையாதுங்க, அளந்து பாத்தா தெரியும்"பா. எல்லாருகிட்டயும் இதையே சொல்லுவா. கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆயிருச்சு.

அதுக்கப்பறமும் பின்ன உக்கார மாட்டா. மொதல்ல ஒரு சின்னத் துண்டு பின்னுவா, அடுப்புல சட்டி எறக்கற கரித்துணி அகலத்துக்கு. அதக் கழுவி, காய வெச்சு, டேப்பு வெச்சு ஒரு இஞ்சுக்கு எத்தன கண்ணி விழுதுன்னு எண்ணுவா. கண்ணின்னா பின்னல்ல வர்ற வளையம், மீன் வலையில இருக்கற மாதிரி. இஞ்சுக்கு அஞ்சு கண்ணி, கைச்சுத்து எட்டு இஞ்சு, அப்ப நாப்பது கண்ணின்னு கணக்குப் போட்டு அதுக்கப்பறந்தான் ஊசியில ஏத்துவா.

"நூலு ஒண்ணுதான, ஊசி ஒண்ணுதான, ஒவ்வொரு வாட்டியும் என்னத்துக்கு இந்தக் கரித்துணி?"ன்னு கேட்டேன்.

"தண்ணி பட்டா நூலு சோம்பல் முறிக்குங்கக்கா. முறிச்சதுக்கு அப்பறம் தான் அதோட அளவு தெரியும்."

அந்தக் கரித்துணியெல்லாம் அவ எங்க காய வெப்பா தெரியுமா? நான் கெழங்கு சீவிக் காயப் போடற பாறையில. எம்பட பாறை. பச்சையும் செவப்புமா எம்பட வெள்ளைக் கெழங்குக்கு நடுவுல நாலு துண்டு கெடக்கும். சண்டை புடிக்கலாம்னு ஒரு நாளு தயாராப் போனேன். போனா, மழை வர்றாப்பல இருக்குதுன்னு என் கெழங்கையும் சேத்து அள்ளி மூட்டை கட்டி வெச்சிருக்கா. எப்படிச் சண்டை போடறது, சொல்லுங்க.

இன்னொண்ணும் சொல்லிரணும். அவ யாருகிட்டயும் "என்னாச்சு"ன்னு கேக்க மாட்டா. எங்க மலையில ஒரு கொப்பளம் வந்தாக்கூட நூறு பேரு கேப்பாங்க, எப்படி வந்துச்சு, எங்க இடிச்ச, என்ன தடவுன, எங்க பாட்டனுக்கும் இப்படித்தான் வந்துச்சுன்னு. அந்தச் செக்போஸ்ட்டு வாச்சுமேனுக்கு வலது கையில ஆறு வெரலு. கட்டை வெரலுக்கு ஒட்டுனாப்பல இன்னொரு குட்டி வெரலு. ஊருல அவரப் பாத்தா அதுஷ்டம்பாங்க, வெட்டிரலாமேம்பாங்க, தொட்டுப் பாக்கட்டுமாம்பாங்க. நானும் பேசியிருக்கேன், வெரலுக்கு ஒண்ணா ஆறு முறுக்கு மாட்டிக்கலாமேன்னு. இவ ஒரு வார்த்தை கேக்கல. கட்டை வெரலச் சுத்தி நூலப் போட்டா, முடிச்சுப் போட்டா, அந்த அறையில மட்டும் நாலு கண்ணி கூட வெச்சுப் பின்னிக் குடுத்தா. வாச்சுமேன் அதப் போட்டுகிட்டு கேட்டத் தொறக்கறப்ப கையத் தூக்கித் தூக்கித் தொறப்பாரு, மேல இருக்கற சாமிக்கெல்லாம் காட்டற மாதிரி.

இனி எங்கூட்டுக்காரரு கதைக்கு வரணும். அவரு இதுல வராமப் போயிருந்தா எனக்கு என்னத்துக்கு வயிறு எரியப் போவுது.

அவரு எளவட்டமா இருந்தப்ப முள்ளுக்குறிச்சிப் பக்கம் ஒரு ஜவ்வரிசி மில்லுல வேலைக்கு எறங்குனாரு. கெழங்கு அரைக்கற மிசினு இடது கையில ரெண்டு வெரல எடுத்துகிச்சு. சுண்டு வெரலும் மோதர வெரலும், அடியோட. எங்க கல்யாணத்துக்கு முன்னாலயே நடந்தது. பொண்ணு பாக்க வந்தப்ப தோளுல துண்டு, துண்டுக்குள்ள கை. தாலி கட்டறப்ப ஒரு முடிச்சுப் போட்டாரு, மீதிய எங்க நாத்தனா போட்டா. எல்லாத்துக்கும் நாத்தனா தான போடுவா, எனக்கு என்ன தெரியும். மறு நாளு சோத்தப் பெசையறப்பத் தான் பாத்தேன், வட்டலு நகர்றப்ப அதப் புடிக்கக்கூட இடது கை வரவே இல்லைன்னு.

அன்னிக்குலருந்து அந்தக் கை துண்டுக்குள்ள தான். மம்முட்டி புடிப்பாரு, மரம் ஏறுவாரு, எல்லா வேலையும் செய்வாரு, யாராச்சும் பக்கத்துல வந்தா கை துண்டுக்குள்ள போயிரும். அவருக்கே தெரியாது அது போறது. கோயில்ல கும்புட மாட்டாரு. சாமி முன்னால வலது கைய நெஞ்சு மேல வெச்சுகிட்டு நிப்பாரு. கர்வம் புடிச்சவன்னு ஊருல சில பேரு நெனச்சாங்க. நாலு புள்ள பெத்தோம். பேரன் பேத்தி எடுத்தோம். அந்தக் கைய நான் ஒரு தடவை கூட முழுசாப் புடிச்சதில்ல. காய்ச்சலா கெடந்தப்பக் கூட அது போர்வைக்கு அந்தப் பக்கம் தான் கெடக்கும். நான் போயிப் புடிச்சா, தூக்கத்துலயே உருவிக்குவாரு.

சரி, இது இப்படித்தான்னு நானும் இருந்துட்டேன். யாருக்கும் இல்லைன்னா எனக்கும் வேண்டாம். அதுல ஒரு நாயம் இருந்துச்சு.

ஒரு நாளு சந்தைக்குப் போயிட்டு பஸ்ஸுல வந்து எறங்கி, பையத் தூக்கிகிட்டு தெருவுல நுழையறேன். நூல்காரி வாசல்ல எங்கூட்டுக்காரரு உக்காந்திருக்காரு. துண்டு தோளுல இருக்குது. கை துண்டுல இல்ல. அவ மடியில இருக்குது. உள்ளங்கை மேல பாத்து, தூங்கற கொழந்தை மாதிரி. அவ நூலச் சுத்திகிட்டு இருக்கா.

அங்கயே நின்னுட்டேன். வெங்காயம் பையிலருந்து உருண்டு ஓடுது, குனிஞ்சு எடுக்கத் தோணல.

"இந்தப் பக்கம் நேரா வரும், அந்தப் பக்கம் சரிஞ்சு எறங்குது. அப்ப அந்தப் பக்கம் மட்டும் கண்ணியக் கொறைச்சுகிட்டே போயிரலாங்கண்ணா"ன்னு அவ சொல்றா.

"வலது கைக்கும் இதுக்கும் சம்மந்தம் இருக்காதே, பாக்க நல்லாருக்குமா?"ன்னு இவரு கேக்குறாரு. எங்கிட்ட கேட்டதில்ல இப்படி. மொணமொணன்னு, புதுப் பையன் மாதிரி.

"யாருக்கும் ரெண்டு கையும் ஒண்ணு கெடையாதுங்கண்ணா."

இவரு சிரிச்சாரு. நெசமா வாய் விட்டுச் சிரிச்சாரு. அப்பத்தான் தலையத் தூக்குனாரு, என்னப் பாத்தாரு. அவ மடியிலருந்து கை டக்குனு துண்டுக்குள்ள போயிருச்சு.

அவகிட்ட குடுத்தது கூட எனக்குப் பெருசில்லீங்க. என்னப் பாத்து ஒளிச்சாரு பாருங்க, அது தான்.

அண்ணான்னு தான் கூப்புட்டா. தப்பா ஒரு பார்வை இல்ல, தப்பா ஒரு பேச்சு இல்ல. ஏதாச்சும் தப்பு இருந்திருந்தா நான் தெருவ ரெண்டு பண்ணியிருப்பேன். ஒரு கொறையும் சொல்ல முடியாத ஆளுமேல பொறாமைப்படறது இருக்குதே, வாயில சுடுசோத்த வெச்சுகிட்டு இருக்கற மாதிரி. முழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது.

ஊட்டுக்கு வந்து களி கிண்டுனேன். சட்டிய எறக்கி வெச்சுட்டு கேட்டேன். "ஏனுங்க, கை பாத்து ஜோசியம் சொன்னாளாக்கும்? ரெண்டாந் தாரம் இருக்குதுன்னாளா?"

"அளவு எடுத்தா."

"நானும் இத்தன வருசமா இந்த ஊட்டுல தான் இருக்கேன். எங்கிட்ட நூலு இல்லையா?"

அவரு களிய உருட்டிகிட்டே இருந்தாரு. அப்பறம் சொன்னாரு. "நீ அளவா கேட்ட? நீ கதையத்தான கேட்ட. எப்படிப் போச்சு, வலிச்சுச்சா, அந்த வெரல எங்க போட்டாங்கன்னு."

நான் களியத் தின்னேன்.

அடுத்த நாளு நூல்காரி ஊட்டுக்குப் போனேன். "எனக்கும் பின்னக் கத்துக் குடு கண்ணு. பேரனுக்குப் போடணும்"னேன். பேரன் திருப்பூருல இருக்கான், அங்க குளுரு ஏது. அவளுக்கும் அது தெரியும். இருந்தும் சைக்கிள் கம்பியத் தேச்சுப் பண்ணுன ஊசி நாலு எடுத்துக் குடுத்தா. முள்ளம்பன்னியப் புடிச்சுகிட்டு இருக்கற மாதிரி நாலையும் புடிச்சுகிட்டு உக்காந்தேன்.

"மொதல்ல அந்தச் சின்னத் துண்டு போடுங்கக்கா."

போட்டேன். வளையம் வளையமா இழுத்து வரிசை ஏத்துனேன். எனக்கு வேலை வராதுன்னு யாரும் சொல்ல முடியாது, நான் மொறமே பின்னுவேன். அவ கையில வாங்கி வெளிச்சத்துக்குக் காட்டுனா. வெரலால தடவிகிட்டே போயி ஒரு எடத்துல நிறுத்துனா.

"இந்த மூணு வரிசை பின்னறப்ப யாருமேலயோ கோவமா இருந்தீங்களாக்கா?"

"இல்லையே, ஏன்?"

"இங்க மட்டும் கண்ணி இறுகியிருக்குது. கோவம் வந்தா கை நூல இழுத்துப் புடிக்கும். அப்ப அளவு மாறிப் போயிரும்."

அந்த மூணு வரிசை நான் பின்னறப்பத்தான் அவ உள்ளருந்து எங்கூட்டுக்காரரோட கைக்குல்லாவக் கொண்டாந்து எம்முன்னால வெச்சுப் பின்னிகிட்டு இருந்தா. இடது கையோடது. ஒரு பக்கம் நேரா ஏறி, இன்னொரு பக்கம் நம்ம மலைச் சரிவு மாதிரி எறங்கி, பாதி முடிஞ்சு ஊசியில நின்னுச்சு. பாக்காம இருக்கணும்னு பாத்தேன், கண்ணு போயிப் போயி அங்கயே நின்னுச்சு.

"குளுருல கை இழுத்திருக்கும் கண்ணு"ன்னேன்.

சரி, இவகிட்ட பாடம் கேக்க வேண்டாம், அவ கணக்கு தான் எனக்குத் தெரியுமே, நாப்பது கண்ணின்னு ஊட்டுலயே உக்காந்து திருட்டுத்தனமாப் பின்னுனேன். கரித்துணியும் இல்ல கழுவறதும் இல்ல. எங்கூட்டுக்காரரு கையப் பத்தி எனக்குத் தெரியாததா, கண்ணளவே போதும்னு. நாப்பது கண்ணி அவளுக்கு எட்டு இஞ்சு வந்துச்சு. எனக்கு ஆறரை தான் வந்துச்சு. நூலும் அவளோடது, ஊசியும் அவளோடது, எண்ணிக்கையும் அவளோடது. புடிச்ச கை தான் என்னோடது. போட்டுப் பாத்தா எம்பட கட்டை வெரலே முக்காவாசி தான் உள்ள போச்சு.

இறுகிப் போச்சா, தளத்தி உடறேன் பாருன்னு அடுத்தது பின்னுனேன். அது வந்துச்சு பாருங்க, சோத்துப்பானைக்கு மாட்டலாம். இடது கைக்குன்னு பின்னுனேன், எம்பட ரெண்டு வெரல மடக்கி மாட்டிப் பாத்தா அந்த எடத்துல காலியாத் தொங்குது, மாட்டுக் காது மாதிரி. அவருக்குக் காட்டவே இல்ல. கொல்லையில பலாப்பிஞ்சு ஒண்ணுக்கு மாட்டி உட்டேன். அணில் வராம இருந்துச்சு. அந்தப் பலா மட்டும் அந்த வருசம் குளுரு இல்லாமப் பழுத்துச்சு.

பொங்கலு நோம்பிக்கு முன்னால அவ எங்கூட்டுக்காரருக்குக் குடுத்துட்டா. கறுப்பு நூலு, மணிக்கட்டுல மட்டும் ஒரு செவப்புக் கோடு. நோம்பியன்னிக்கு வெடியாலயே கோயிலுக்குப் போனோம். பனின்னா பனி, முன்னால போறவங்க முதுகு தெரியல. தீபாராதனை காட்டறப்ப நான் கண்ண மூடிகிட்டு இருந்தேன். தொறந்து பாக்கறேன், பக்கத்துல இந்த மனுசன் ரெண்டு கையையும் சேத்துக் கும்புட்டுகிட்டு நிக்கறாரு. கறுப்புக் கம்பளிக்குள்ள ரெண்டு கை. ஒண்ணு கொஞ்சம் ஒல்லி, ஒண்ணு கொஞ்சம் குண்டு, அவ்வளவு தான். தொங்கல, சுருங்கல, ஒட்டுனாப்பல நிக்குது. யாரும் திரும்பிப் பாக்கல. பாக்கறதுக்கு அங்க ஒண்ணும் இல்லையே.

நான் அழுதேன். சந்தோசத்துல அழுதேன்னு எழுதிக்கலாம். பாதி அது தான். மீதி பாதி, இத நான் பண்ணலையேங்கறது. சாமிகிட்ட அன்னிக்கு என்ன கேட்டேன்னு சொல்ல மாட்டேன். நூல்காரிக்கு நல்ல சோலி வேற ஊருல கெடைக்கணும்னு கேட்டேன்னு வெச்சுக்குங்க.

சாமி கேட்டுருச்சு. ரெண்டு வருசம் கழிச்சு அந்த யாவாரி லாரிய வித்துட்டாரு, அவ புருசனுக்கு வேற பக்கம் வேலை கெடைச்சுது. மூட்டை கட்டுனாங்க. வர்றப்ப பெருசா இருந்த நூலு மூட்டை, போறப்ப தலகாணி அளவுக்குத் தான் இருந்துச்சு. பாதி எங்க மலைக்காரங்க கையில இருக்குதே.

கிளம்பற அன்னிக்கு நான் பலாப்பழம் ஒண்ணு கொண்டு போயிக் குடுத்தேன். குடுத்துட்டு, மெதுவா, யாரும் பாக்காதப்ப கேட்டேன். "அவரு இடது கை அளவு மட்டும் எனக்குக் குடுத்துட்டுப் போ கண்ணு. இனி அவருக்கு யாரு பின்னுவா?"

"எங்கிட்ட இல்லீங்களேக்கா."

"முடிச்சுப் போட்டு வெச்சியே நூலு."

"பின்னி முடிச்சதும் அத அவுத்துருவேங்கக்கா. கை மாறிகிட்டே இருக்கும். போன வருசக் கைக்கு இந்த வருசம் பின்னக் கூடாது." அப்பறம் எம்மூஞ்சியப் பாத்தா. அன்னிக்குத்தான் அவ எம்மூஞ்சிய நேராப் பாத்தான்னு நெனைக்கறேன். "கை உங்கூட்டுல தானக்கா இருக்குது"ன்னா.

சாமான் ஏத்துன வண்டியில ஏறிப் போயிட்டா. போற வரைக்கும் எங்கைய அவ அளக்கல. கேட்டா, நான் குடுக்கல. அது ஒண்ணுல தான் நான் ஜெயிச்சேன். இந்தக் குளுருக்கு அந்த ஜெயிப்ப மாட்டிகிட்டுத் திரியறேன்.

போன வருசம் இடது கையோட கறுப்புக் கைக்குல்லாவ எலி கடிச்சுருச்சு. எலிய நான் வளக்கலீங்க, சந்தேகப்படாதீங்க. அவரு அதைய வெச்சுகிட்டு ஒரு நாளு பூராம் உக்காந்திருந்தாரு. பேத்தி செல்லுல பாத்துட்டு ஆன்லைன்ல வாங்கித் தரேன் தாத்தான்னா. வந்துச்சு. அஞ்சு வெரலு வெச்சது. ரெண்டு வெரலு காலியாத் தொங்குச்சு. கழட்டி வெச்சுட்டாரு. கை திரும்பவும் துண்டுக்குள்ள போயிருச்சு. அத்தன வருசம் கோயில்ல கும்புட்டுகிட்டு நின்ன மனுசன், அந்த வாரம் திரும்பவும் நெஞ்சு மேல ஒரு கைய வெச்சுகிட்டு நின்னாரு.

மறு நாளு அவரு காட்டுலருந்து வந்து கைகாலு கழுவிட்டு உக்காந்தாரு. நான் பொட்டியத் தொறந்து அந்த நாலு ஊசியையும் மிச்ச நூலையும் எடுத்தேன். பக்கத்துல உக்காந்தேன். ஒரு நூல அறுத்தேன். மடியில வெச்சேன்.

நான் பேசாம இருக்கறது எவ்வளவு செரமம்னு உங்களுக்கு இதுக்குள்ள தெரிஞ்சிருக்கும். வாயில பத்துக் கேள்வி முட்டிகிட்டு நிக்குது. ஒண்ணையும் உடல.

அவரு நூலப் பாத்தாரு. ஊசியப் பாத்தாரு. துண்டு அசைஞ்சுது. கை வெளிய வந்துச்சு. எம்மடியில வந்து உக்காந்துச்சு.

"சாயங்காலக் கையா?"ன்னேன்.

"ஆமா, சாயங்காலக் கை தான்"னாரு.

சூடா இருந்துச்சு. அந்த ரெண்டு வெரலு இல்லாத எடம் வழவழன்னு, கூழாங்கல்லு மாதிரி இருந்துச்சு. இத்தன வருசமா அங்க என்ன இருக்கும்னு என்னென்னமோ நெனச்சு வெச்சிருந்தேன். ஒண்ணும் இல்ல, கை தான். நூலச் சுத்த எடுத்தேன். நான் ஒண்ணும் சொல்லாமயே கை தானா உள்ளங்கைய மேல திருப்புச்சு, கட்டை வெரல ஓரமா ஒதுக்கிக் குடுத்துச்சு, நூலு போறதுக்கு எடம் உட்டு. பழக்குன மாடு நொகத்துக்குக் கழுத்தக் குடுக்குமே, அப்படி. பழக்குனது யாரு? நானா பழக்குனேன்?

முடிச்சுப் போட்டேன். மணிக்கட்டுலருந்து நடு வெரலு, முடிச்சு. கட்டை வெரலு பிரியற எடம், முடிச்சு. சரியற பக்கம் தனியா. கரித்துணி பின்னுனேன், கழுவுனேன், எம்பட பாறையில காயப் போட்டேன், எண்ணுனேன். எனக்கு இஞ்சுக்கு ஆறு கண்ணி. அப்ப எட்டு இஞ்சுக்கு நாப்பத்தெட்டு. அவ நாப்பதுக்குப் பின்னுனத நான் நாப்பத்தெட்டுல பின்னுனேன்.

பின்னறப்ப அவரு பக்கத்துலயே உக்காந்து பாத்துகிட்டு இருந்தாரு. ஒரு எடத்துல, "நூல்காரி இந்த எடம் வந்தா ஒருக்கா கையில மாட்டிப் பாத்துட்டுத் தான் மேல போவா"ன்னாரு. சும்மா தான் சொன்னாரு. நானும் சரின்னு மாட்டிப் பாத்துட்டு மேல போனேன்.

முடிஞ்சுது. மாட்டுனாரு. வெரல அசைச்சாரு, மடக்குனாரு. ரெண்டு கையையும் சேத்து ஒரு கும்புடு போட்டுப் பாத்தாரு, எனக்கு நேரா. எங்கயும் தொங்கல, எங்கயும் சுருங்கல. அப்பறம் மணிக்கட்டுக்கு மேல, பின்னறப்ப நூல்காரி பேச்ச எடுத்த அதே எடத்துல வெரல வெச்சு அமுக்குனாரு.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குது புள்ள. இங்க ஒரு வரிசை மட்டும் இறுக்கிப் புடிக்குது. பிரிச்சுப் போட்டுத் தர்றியா?"

"அது அப்படியே இருக்கட்டுங்க"ன்னேன். "அந்த வரிசை அவளுக்கு."